ஓம்புயிரி

மிளகாய் விழுது தீர்ந்த புட்டியில்
பதினேழு பூச்சிகள்.
மூடியைத் திருகியதும் அறையெங்கும்
கசக்கிய கொத்தமல்லி நெடி.
"ஐந்து வருஷமாச்சு, நானுலி,
சமையலில் அந்தத் தழையைக் கிள்ளிப் போட்டு"
என்கிறாள் மக்வாலா.
கைகளை மேசைமேல் வைக்கவில்லை.
நகக்கண்ணெல்லாம் பழுப்புக் கறை.

ஸுக்திதியில் செப்டம்பர் மழை.
ஹேசல் கொட்டை வாங்க வந்த தரகன்
நூறு கொட்டையைப் பிளந்து பார்த்தானாம்.
நாற்பத்தொன்றில் பருப்பு
சுருங்கித் தக்கையாய்க் கசந்ததாம்.
கத்தியைத் துடைத்து மடக்கினானாம்.
விலையே சொல்லவில்லையாம்.

வெள்ளைத் தட்டில் பிரித்து வைக்கிறேன்.
உணர்கொம்பில் வெள்ளை வளையம் இருந்தால் பழுப்பன்,
கிழக்கே எங்கிருந்தோ சரக்குப் பெட்டியில் வந்தவன்.
பச்சை உடம்பு, முதுகு முக்கோணத்தின் மேல்விளிம்பில்
வரிசையாய் மூன்று வெண்புள்ளி:
அது வேறு. அவரைப் பந்தலில்
நெடுநாளாய்க் குடியிருப்பது.
பழுப்பு பன்னிரண்டு.
பச்சை ஐந்து.

ஐந்தில் ஒன்றின் தோளில்
அரிசி நொய் போல ஒரு வெள்ளை.
"நோய்தானே?
இப்படி இருப்பதைத்தான் முதலில்
சோப்புத் தண்ணீரில் போடுவேன்,
மற்றதுக்கும் தொற்றிவிடுமே என்று."

லென்ஸைத் திருகுகிறேன்.
நோயில்லை, முட்டை.
ஓட்டோடு ஓடாய் ஒட்டியிருக்கிறது.
எத்தனை போட்டாய் என்று நான் கேட்கவில்லை.
"ஒரு வாளி" என்றாள் அவளாகவே.

ஒரு ஈ, என்றேன்.
ஆரஞ்சு வயிறு, தூரத்தில் பார்த்தால் தேனீ,
ஆனால் சிறகு இரண்டுதான்.
பின்னங்காலில் கருஞ்சீப்பு செருகியதுபோல் மயிர்வரிசை.
இங்கே ஆண் பூச்சி துணை தேடி ஒரு மணம் விடும்.
பெண் பூச்சி வரும்.
அதே மணத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு
இந்த ஈயும் வரும்.
"என் கல்யாணத்துக்கும் அப்படித்தான்
கடன்காரன் வந்தான்"
மக்வாலா சிரித்தபோது ஒரு பல் இல்லை.

அந்த ஒன்றைத் திருப்பிக் கேட்டாள்.
புட்டியில் ஈர மண், இரண்டு அவரைக்காய்,
மூடிக்குப் பதில் பழைய காலுறைத் துணி.
பூச்சி தின்றதாம், நடந்ததாம்,
இணை கிடைத்திருந்தால் கூடியும் இருக்கும்.
உள்ளே ஒருவர் வளர்வதை
அதனிடம் யாரும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் மல்லாந்து கிடந்தது.
மண்ணுக்குள்
செம்பழுப்பில் ஒரு குட்டிப் பீப்பாய்.

அக்டோபரில் என் மேசையில் அது பிளந்து
ஈரமாய், கசங்கலாய் வெளிவந்தாள் அவள்.
சீப்புக் கால்கள் காயும்வரை காத்திருந்து
ஊசியில் குத்தினேன்.
என் வேலை அது.
சீட்டு எழுதினேன்: இடம், நாள்,
பிடித்தவர் மக்வாலா ஜிசோனியா.
கடைசிக் கட்டம்: ஓம்புயிரி.
பேனா கொஞ்சம் நின்றது.
உடம்பைத் திறந்து உணவிட்டதற்கு
ஓம்பல் என்றா பெயர்?
மூன்று வெண்புள்ளியின் பெயரை எழுதினேன்.

"பழுப்பனையும் பிடிக்குமா?"
அவள் கேட்பாள் என்று தெரியும்.
முட்டை வைப்பதுண்டு, பெரும்பாலும் உள்ளே தேறாது என்றேன்.
கொட்டைக்கு உதவாது என்பதை
வேறு எப்படிச் சொல்ல.
வெகுநேரம் தட்டைப் பார்த்தாள்.
"அவரையாவது பிழைக்கட்டும்."
கழுவாத புட்டியை எடுத்துக்கொண்டு
மழையில் பேருந்துக்குப் போனாள்.

இப்போது டிசம்பர்.
சன்னல் இடுக்கிலிருந்து பழுப்பன்கள்
விளக்குச் சூட்டுக்கு ஒவ்வொன்றாய் வருகின்றன.
ஒன்றின் முதுகில் மூன்று முட்டை ஓடுகள்,
தவறான கதவில் வைத்துப்போன பால் புட்டிகள்.
சீட்டின் ஈரமான மசிமேல் ஏறி
எழுத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு
நடந்து போகிறது.